ஐவருள் ஒருவர் – நீதியரசர் எச்.ஆர். கன்னா
(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கோவலன் மதுரையில் கொலையுண்ட கதை இவ்வவையினர் எல்லோரும் அறிந்ததே. கவுந்தியடிகள் அவனையும் கண்ணகியையும் நெடுவழி அழைத்து வந்து, மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். மறுநாளே கோவலன் உயிர் இழந்தான். பின்னர் அச்செய்தி கேட்ட அடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். சமணர் நெஞ்சில் நீங்காது நிற்கும் பகுதி அது. பாண்டியன் கொடியவன் அல்லன். தன் பிழை தெரிந்த அக்கணமே அரியணையில் உயிர் விட்டவன். அவன் செய்த பிழை யாது? பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான். பிடிபட்டவன் சொல்லைக் கேட்கவில்லை. கோவலனை அவையில் நிறுத்தி, ‘இச்சிலம்பு உனக்கு எப்படி வந்தது?’ என்று வினவியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

பிடிபட்டவனை அவையின் முன் கொண்டுவந்து நிறுத்து, எச்சட்டத்தின்படி பிடித்தாய் என்று சொல் என அரசைக் கேட்கும் உரிமைக்கு இக்காலத்தில் ஒரு பெயர் உண்டு. ஆட்கொணர்வு மனு என்பர். ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்னும் இலத்தீன் பெயராலும் வழங்கும். சிறையில் இருப்பவனால் நீதிமன்றம் வர இயலாது. அவனுக்காக மனைவியோ தந்தையோ நண்பரோ மனுச் செய்யலாம். அம்மனுவை ஏற்பதற்கும் நாட்டில் ஒரு நீதிமன்றமேனும் திறந்திருக்குமா என்னும் கேள்வி, 1976ஆம் ஆண்டு இந்திய உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. ஐந்து நீதிபதிகள் அதனை விசாரித்தனர். நால்வர் ‘திறந்திராது’ என்றனர். ஒருவர் மட்டும் மறுத்தார். அவரே இவ்வுரையின் நாயகரான நீதியரசர் ஹன்ஸ் ராஜ் கன்னா.

அவர் 1912ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில் பிறந்தார். தந்தை சர்ப் தயாள் கன்னா அந்நகரில் பேர்பெற்ற வழக்கறிஞர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பின்னாளில் அந்நகரின் மேயராகவும் விளங்கியவர். ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்த 1919 ஏப்ரல் 13 அன்று, அதே ஊரில் வளர்ந்துவந்த கன்னாவுக்கு ஏழு வயது நிரம்பவில்லை. அக்கூட்டம் கூடியதற்கு ஒரு காரணம் ரௌலட் சட்டம். விசாரணையின்றியே ஒருவரைச் சிறையில் வைக்க அச்சட்டம் ஆங்கில அரசுக்கு அதிகாரம் அளித்தது. ‘வாதமும் இல்லை, வக்கீலும் இல்லை, மேல்முறையீடும் இல்லை’ என்று பஞ்சாப் மக்கள் அதனை இகழ்ந்தனர். அமிர்தசரஸ் மக்கள் பெரிதும் மதித்த தலைவர்களான கிச்லுவும் சத்தியபாலும் கைதாகி வெளியூருக்குக் கொண்டுசெல்லப்பட்டதே அவ்வூரின் கொந்தளிப்புக்கு உடனடிக் காரணம். விசாரணையில்லாச் சிறை என்பது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் பேசப்பட்ட செய்தி.

அமிர்தசரஸில் பள்ளிக் கல்வியும் கல்லூரிக் கல்வியும் முடித்து, லாகூரில் சட்டம் பயின்று, பிறந்த ஊரிலேயே வழக்கறிஞரானார். 1952இல் மாவட்ட, அமர்வு நீதிபதியாக நியமிக்கப் பெற்றார். பத்தாண்டுகள் அப்பணி. இப்பத்தாண்டுகளைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுவர். ஆனால் இங்குச் சற்று நிற்கவேண்டும். மேல்முறையீடு கேட்கும் நீதிபதியின் முன் வருவன பெரும்பாலும் தாள்களே. சாட்சியின் நடுங்கும் குரலையோ, கூண்டில் நிற்பவனின் முகத்தையோ அவர் காண்பதில்லை. கீழ் நீதிமன்றத்து நீதிபதி அவற்றை நாள்தோறும் காண்கிறார். உயிரைப் பறிக்கும் தண்டனையைத் தம் வாயால் சொல்லவேண்டியவரும் அமர்வு நீதிபதியே. உரிமை, உயிர் என்னும் சொற்கள் கன்னாவுக்கு வெறும் சட்டச் சொற்களாக இராமைக்கு இப்பத்தாண்டுப் பழக்கமும் காரணமாகலாம்.

1962இல் பஞ்சாப் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1966இல் டில்லி உயர்நீதிமன்றம் தொடங்கப்பட்டபோது அங்குச் சென்றார். 1969இல் அதன் தலைமை நீதிபதியானார். 1971 செப்டம்பர் 22ஆம் நாள் உச்சநீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றார்.

ஈராண்டு நிறைவதற்குள் பெருவழக்கொன்று வந்தது. கேரளத்துக் காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, மடத்தின் நிலங்களைக் குறித்துத் தொடுத்த வழக்கு அது. நிலத்தில் தொடங்கியது, நாடாளுமன்றம் அரசியலமைப்புச் சட்டத்தை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்னும் வினாவில் சென்று நின்றது. பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்து 68 நாள்கள் வாதம் கேட்டனர். 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு வெளிவந்தபோது, அறுவர் ஒரு பக்கம், அறுவர் மறுபக்கம். இடையில் நின்ற பதின்மூன்றாமவர் கன்னா. நாடாளுமன்றம் எப்பிரிவையும் திருத்தலாம் என்று அரசின் பக்கம் ஒரு பாதி ஒப்பினார். ஆயின் திருத்தம் என்பது பழைய கட்டடத்தைச் செப்பம் செய்வது. அடித்தளத்தைப் பெயர்த்தெடுப்பது திருத்தம் ஆகாது என்று மறுபாதியை மறுத்தார். ஏழுக்கு ஆறு என்று தீர்ப்பாயிற்று. ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்று இன்று பள்ளிப் பாடநூலிலும் காணப்படும் கோட்பாடு, அந்த ஒற்றை வாக்கினால் நிலைபெற்றது.

தீர்ப்பு வந்த மறுநாளே நீதித்துறையில் அதிர்ச்சி. தலைமை நீதிபதி ஓய்வு பெறும்போது, மூப்பில் அடுத்தவரே அப்பதவிக்கு வருவது அதுவரை வழக்கம். அரசோ, தனக்கு எதிராகத் தீர்ப்பளித்த ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரைத் தாண்டி, நான்காம் இடத்திலிருந்த ஏ.என். ரே அவர்களைத் தலைமை நீதிபதியாக்கிற்று. மூவரும் பதவி விலகினர். அரசுக்கு உவப்பில்லாத தீர்ப்புக்கு விலை உண்டு என்பதை உச்சநீதிமன்றத்தில் அன்று அறியாதவர் இல்லை. பின்வருவதைப் புரிந்துகொள்ள இதனை மனத்தில் இருத்தவேண்டும்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பெரியவர்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசு கலைக்கப்பட்டபின், ‘மிசா’ என்னும் சொல் இங்கு வீட்டுப்பெயர் போல் ஆயிற்று. அதில் சிறை சென்றவர்கள் அச்சொல்லைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டதும் உண்டு. உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் என்பதன் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கமே மிசா. அச்சட்டத்தின்கீழ் மட்டும் நாடெங்கும் ஏறத்தாழ 35,000 பேர் அடைக்கப்பட்டனர் என்று பின்னர் ஷா ஆணையம் கணக்கிட்டது.

அடைபட்டோரின் உறவினர் உயர்நீதிமன்றங்களுக்கு ஓடினர். அரசு ஒரே விடை கூறியது: குடியரசுத் தலைவரின் ஆணையால் 14, 21, 22 ஆகிய பிரிவுகளைக் கொண்டு வழக்குத் தொடுக்கும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, ஆகவே மனுவை வாங்கவே கூடாது. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் இவ்விடையை ஏற்கவில்லை. ஆணை சட்டப்படி பிறப்பிக்கப்பட்டதா, உரிய அதிகாரி பிறப்பித்ததா, ஆள் மாறிப் பிடிபட்டாரா என்பவற்றையேனும் பார்ப்போம் என்றன. அவ்வாறு சொன்னவர்களுக்கு நேர்ந்ததும் உண்டு. டில்லியில் கைதான ஒரு பத்திரிகையாளருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த இருவருள் நீதிபதி ரங்கராஜன் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார். நீதிபதி அகர்வால் மாவட்ட நீதிபதியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்.

ஒன்பது தீர்ப்புகளையும் எதிர்த்து அரசு உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா என்று அவ்வழக்குக்குப் பெயர். தலைமை நீதிபதி ரே, கன்னா, எம்.எச். பேக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஆகிய ஐவர் அமர்ந்தனர். 1975 டிசம்பரில் வாதம் தொடங்கியது. சிறைப்பட்டோர் பக்கம் சாந்தி பூஷண், சோலி சொராப்ஜி முதலியோர் நின்றனர். அரசின் பக்கம் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே.

வாதத்தின்போது கன்னா ஒரு கேள்வி கேட்டார். இருபத்தோராம் பிரிவு உரிமையை மட்டுமன்றி உயிரையும் சொல்கிறது. ஒரு காவல்துறை அதிகாரி சொந்தப் பகையின் காரணமாக ஒருவரைக் கொன்றுவிட்டால், அதற்கும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா? நிரேன் டே சுற்றி வளைக்கவில்லை. நெருக்கடிநிலை நீடிக்கும்வரை இல்லை என்றார். தம் மனச்சான்றையே இது உலுக்குகிறது, நீதிபதிகளின் மனச்சான்றையும் உலுக்கலாம், ஆயினும் தம் வாதத்தின்படி முடிவு இதுவே என்றார். மன்றம் சிறிதுநேரம் மௌனமாயிற்று என்பர். அவ்வழக்கறிஞரின் நேர்மையையும் இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். தம் வாதம் எவ்விடத்தில் சென்று முடிகிறது என்பதை மறைக்காமல் காட்டியவர் அவர். காட்டியபின்னும் நால்வர் அவ்வழியே சென்றனர் என்பதே வியப்பு.

தீர்ப்பு எழுதும் காலத்தில் கன்னா தம் குடும்பத்தாருடன் ஹரித்துவாரம் சென்றிருந்தார். கங்கைக் கரையில் அமர்ந்திருந்தபோது தம் தங்கையிடம், தாம் எழுதி வைத்திருக்கும் தீர்ப்பு தமக்கு இந்தியத் தலைமை நீதிபதிப் பதவியை இழக்கச் செய்யும் என்று கூறினார். இதனை அவரே தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். மூப்பின்படி ரேக்கு அடுத்தவர் அவரே. ரே 1977 ஜனவரியில் ஓய்வு பெறவிருந்தார். எல்லாம் தெரிந்தே எழுதினார்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்புகள் வாசிக்கப்பட்டன. நால்வர் அரசின் மேல்முறையீட்டை ஏற்றனர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பு என்ன சொன்னது என்பதைச் சிலர் மிகைப்படுத்திக் கூறுவர். நெருக்கடிநிலை செல்லாது என்று அவர் சொல்லவில்லை. சிறைப்பட்டோர் அனைவரையும் விடுதலை செய்க என்றும் சொல்லவில்லை. அவர் சொன்னது மிகச் சிறிது, அச்சிறிதுதான் அடிமரம். உயிருக்கும் உரிமைக்கும் இருபத்தோராம் பிரிவு ஒன்றே புகலிடம் அன்று. அப்பிரிவு எழுதப்படுவதற்கு முன்னரே, சட்டத்தின் துணையின்றி ஒருவரின் உயிரையோ உரிமையையோ பறிக்கும் அதிகாரம் எவ்வரசுக்கும் இல்லை. சட்டத்தின் வழி நடக்கும் ஒவ்வொரு நாகரிகச் சமுதாயத்திலும் இதுவே நிலை. ஆகவே அப்பிரிவை நிறுத்திவைத்தாலும் அரசுக்குப் புதிய அதிகாரம் பிறந்துவிடாது. ஆட்கொணர்வு மனுவை நீதிமன்றம் கேட்டே ஆகவேண்டும். நாஜி ஜெர்மனியில் நிகழ்ந்த கொலைகளுக்கும் அன்றைய ஆட்சியின் ஆணைகள் இருந்தன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். முடிவில் அமெரிக்கத் தலைமை நீதிபதியாயிருந்த சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் கருத்தொன்றை மேற்கோளாகத் தந்தார். இறுதி நீதிமன்றத்தில் ஒருவர் மாறுபட்டு எழுதுவது, பின்னொரு நாளின் அறிவுக்குச் செய்துகொள்ளும் மேல்முறையீடு என்பது அதன் சாரம்.

உயிர் என்பது அரசு கொடுத்த பொருள் அன்று. கொடுக்காததை எடுக்கும் உரிமை அரசுக்கு ஏது? சட்டம் படியாத சமண மூதாட்டியும் இதனைத் தயங்காமல் ஏற்பார். எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர் வீட்டில் இதற்குத் தனி விளக்கம் வேண்டா.

இரு நாள் கழித்து, ஏப்ரல் 30 அன்று, அமெரிக்காவின் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேடு தலையங்கம் எழுதியது. இந்தியாவில் மக்களாட்சி மீளும் நாள் வந்தால் கன்னாவுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்படும் என்று அது கூறியது.

கங்கைக் கரையில் சொன்னது பலித்தது. 1977 ஜனவரி இறுதியில், அவரைத் தாண்டி எம்.எச். பேக் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். செய்தி அறிந்ததும் கன்னா பதவி விலகல் கடிதத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கண்டன உரையோ பத்திரிகைப் போரோ நிகழ்த்தவில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், அவர் தலைமை நீதிபதியாகியிருந்தாலும் 65 வயது நிறையும் ஜூலை 3 வரை, ஐந்து மாதம் மட்டுமே அவ்விருக்கையில் இருந்திருப்பார். ஐந்து மாதத்துப் பதவிதானே என்று இன்று எளிதாகச் சொல்லலாம். நாற்பதாண்டுக் காலம் நீதிமன்றமே வாழ்வாக இருந்த ஒருவருக்கு அது எத்தகைய இழப்பு என்பதை நீதிமன்ற வாசலறிந்தோர் அறிவர். அவ்வழக்கில் அமர்ந்த மற்ற நால்வருள் ரே அப்போதே தலைமை நீதிபதி. பேக், சந்திரசூட், பகவதி மூவரும் ஒருவர்பின் ஒருவராக அவ்விருக்கையில் அமர்ந்தனர். அமராதவர் கன்னா ஒருவரே.

அதே ஆண்டு மார்ச்சில் ஆட்சி மாறிற்று. நெருக்கடிநிலைக் கொடுமைகளை விசாரிக்கும் ஆணையத்துக்குத் தலைமை ஏற்குமாறு புதிய அரசு கன்னாவைக் கேட்டது. அவர் மறுத்தார். தமக்குத் தீங்கிழைத்தவர்களைத் தாமே விசாரித்தால் நடுவுநிலையில் ஐயம் எழும் என்பது அவர் எண்ணம். தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியதினும் இம்மறுப்பு கடினமானது என்று கொள்ள இடமுண்டு. தோற்றவன் அறம் பேசுவது உலக இயல்பு; காற்று தன் பக்கம் வீசும்போதும் தராசை விட்டு ஒதுங்கி நின்றவர் அரியர். பின்னர்ச் சட்ட ஆணையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அரசியல் அவருக்குப் பொருந்தவில்லை. 1979இல் சரண் சிங் அமைச்சரவையில் சட்ட அமைச்சரானவர் மூன்றே நாளில் விலகிவிட்டார். 1982இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, ஜெயில் சிங்கிடம் தோற்றார்.

அவர் பின்னொரு நாளின் அறிவுக்குச் செய்த மேல்முறையீடு என்ன ஆயிற்று? முதற்பகுதி விரைவில் வந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் அரசியலமைப்புத் திருத்தம், எந்த நெருக்கடிநிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்கலாகாது என்று வகுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், உச்சநீதிமன்றத்தில் அவர் அமர்ந்து பணியாற்றிய இரண்டாம் எண் மன்றத்தில் அவரது திருவுருவப் படம் திறந்துவைக்கப்பட்டது. வாழும்போதே ஒரு நீதிபதிக்கு அச்சிறப்புக் கிட்டியது அதுவே முதல் முறை. 1999இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2008 பிப்ரவரி 25 அன்று, 95ஆம் வயதில் மறைந்தார். 2011இல், அன்றைய நால்வருள் ஒருவரான பகவதி, தாம் அன்று தவறிவிட்டதாக வெளிப்படையாக வருந்தினார்.

ஆயினும் தீர்ப்பு ஏட்டில் அப்படியே இருந்தது. அதனை நீக்க 41 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை குறித்த புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு பிழையானது என்று அறிவித்தனர். கன்னா கூறியதே சரி என்று எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், அன்றைய நால்வருள் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மைந்தர். தந்தையின் தீர்ப்பை மகன் கையாலேயே களைய நேர்ந்தது. அதனை அவர் தந்தைக்கு இழைத்த குறையாக யாரும் கருதவில்லை.

கன்னாவின் தம்பி மகன் சஞ்சீவ் கன்னாவும் சட்டம் பயின்றார். டில்லி உயர்நீதிமன்ற நீதிபதியானார். 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டபோது, முதல் நாள் அவர் அமர்ந்தது பெரியப்பாவின் படம் தொங்கும் அந்த இரண்டாம் எண் மன்றத்திலேயே. 2024 நவம்பரில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் ஓய்வு பெறும் காலம் வந்தது. தமக்கு அடுத்தவராக அவர் முறைப்படி பரிந்துரைத்த பெயர் சஞ்சீவ் கன்னா. நவம்பர் 11 அன்று, 1977இல் பெரியப்பாவைத் தாண்டிச் சென்ற அவ்விருக்கையில் அவர் அமர்ந்தார்.